சீட்டு வராத கணக்கு

மாதக் கணக்கில் பெரும்பாலான பதிவுகளுக்குச் சீட்டு தானாக வந்து சேர்ந்துவிடும். சரக்கு வாங்கினால் பில் வரும். விற்றால் இன்வாய்ஸை நாமே போடுகிறோம். பணம் போனதும் வந்ததும் பேங்க் ஸ்டேட்மென்டில் இருக்கும். டேலியில் எஃப் 9, எஃப் 8, எஃப் 5, எஃப் 6 என்று விரல் தன் போக்கில் தட்டிக்கொண்டு போகும். எஃப் 7-க்கு வரும்போதுதான் விரல் நிற்கும். அது ஜர்னல், பாடப்புத்தகத்தில் குறிப்பேடு. அங்கே ஏறும் கணக்குக்கு யாரும் சீட்டு கொண்டுவந்து தரமாட்டார்கள். நாமே போய் விசாரித்து, நாமே தொகை கட்டி, நாமே எழுத வேண்டும். ஒரு மாதம் லாபமா நஷ்டமா என்பதை, நான் பார்த்தவரை, கட்டுக்கட்டான பில்களைவிட இந்தப் பத்துப் பதினைந்து ஜர்னல்கள்தான் தீர்மானித்திருக்கின்றன.

கெலமங்கலம் ஓசூரை அடுத்த பேரூராட்சி. கேழ்வரகும் தக்காளியும் பட்டுக்கூடும் ரோஜாவும் விளைகிற பூமி. தெருவுக்குத் தெரு தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று பேச்சு மாறும். 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் அங்கே ஆலை திறந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் சாலைக்கு வந்தது. பிறகு டைட்டன் கடிகாரம். இந்தப் பெரிய ஆலைகளை நம்பி, பாகம் கடைந்து கொடுக்கும் சிறு கம்பெனிகள் மத்திகிரி, பாகலூர், கெலமங்கலம் சாலைகளில் ஷெட் போட்டன. அப்படியொரு ஷெட்டில்தான் என் வேலை. டூவீலர் பாகங்களை சிஎன்சி மெஷினில் கடைந்து அனுப்புகிறோம். அக்கவுண்ட்ஸில் நானும் உதவிக்கு ஒரு பெண்ணும். மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு நான் ‘மேடம்’, முதலாளிக்கு ‘ஏம்மா’.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தபோது குறிப்பேட்டுப் பதிவு எனக்கு மிக எளிதாக இருந்தது. பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. ‘ராமுவுக்குக் கடனுக்குச் சரக்கு விற்றது ரூ. 5,000’ என்று கணக்கிலேயே கொடுத்திருப்பார்கள். வெனிஸில் 1494-இல் லூகா பச்சோலி என்ற துறவி அச்சிட்டுக் கொடுத்த இரட்டைப் பதிவு முறைதான் அதுவும். அதில் இன்றுவரை பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் பள்ளியில் நடவடிக்கையை ஒரு வாக்கியமாக எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கம்பெனியில் அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. எங்கே பற்று, எங்கே வரவு என்பது அதற்குப் பிறகு ஒரு நிமிடத்துச் சமாச்சாரம்.

மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் மீட்டர் ரீடிங் எடுக்கும் தேதியும் எங்கள் மாதக் கடைசியும் ஒன்றாக இருப்பதில்லை. பில் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால், பத்து நாள் ஓடிய கரண்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதனால் மாதக் கடைசி மாலையில் ஒரு நோட்டோடு மீட்டர் அறைக்குப் போவேன். எலக்ட்ரீஷியன் எண்ணைப் படிக்க, நான் எழுதிக்கொள்வேன். யூனிட்டை விலையால் பெருக்கினால் மட்டும் போதாது. உயரழுத்த இணைப்பில், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அனுமதி பெற்ற டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டணம் உண்டு. அதையும் நாள் கணக்கில் பிரித்துச் சேர்க்க வேண்டும். பிறகு: மின்கட்டணக் கணக்கு பற்று 1,40,000, கொடுபட வேண்டிய மின்கட்டணக் கணக்கு வரவு 1,40,000. ஒன்றாம் தேதி காலையில் இதே பதிவைத் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பில் வந்ததும் அதே கரண்டு இரண்டாம் முறை செலவாக ஏறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் பதிவைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். திருப்பிப் போடுவதை மனத்தில் பதிய வைப்பதற்குள் சில மாதங்கள் ஆகின்றன.

முதலாளிக்கு இந்தப் பதிவுகள் பிடித்ததே இல்லை. “ஏம்மா, பில்லே வரல. நீ எதுக்கு இப்பவே செலவு எழுதுற?” என்பார். பேங்க்குக்கு மாதாந்தர ஸ்டாக் ஸ்டேட்மென்டும் லாப நஷ்டக் கணக்கும் அனுப்புகிற வாரத்தில் அவருக்கு லாபம் கொழுத்திருக்க வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகள் நெருங்கினால், அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டுமே, அதே லாபம் இளைத்துவிட வேண்டும். நான் இரண்டு வாரத்திலும் ஒரே தாளைத்தான் நீட்டுவேன். திட்டு வாங்குவேன். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேய்மானம் கணக்குப் போடுவது மேஜையில் உட்கார்ந்தே செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு ஆயுள் 15 ஆண்டு என்கிறது. 30 லட்ச ரூபாய் மெஷினுக்கு 5 சதவீதம் மீதமதிப்பு ஒதுக்கி வைத்தால் மாதத் தேய்மானம் ரூ. 15,833. இதுவரை மேஜை வேலைதான். ஆனால் அதே அட்டவணை, மெஷின் இரண்டு ஷிஃப்ட் ஓடிய காலத்துக்கு ஒன்றரை மடங்கும் மூன்று ஷிஃப்ட் ஓடிய காலத்துக்கு இரண்டு மடங்கும் எழுதச் சொல்கிறது. ஆகவே மூன்று ஷிஃப்ட் ஓடிய மாதத்தில் அந்த மெஷின் ரூ. 31,667 தின்றிருக்கிறது. அது ஓடியதா என்பதைக் கேட்க உள்ளே போகத்தான் வேண்டும்.

“மூணு ஷிஃப்ட் ஓடுச்சு மேடம், ஆனா நைட்ல ரெண்டு மெஷின்தான்” என்பார் சூப்பர்வைசர்.

“எந்த ரெண்டு?”

“அந்தக் கோடில இருக்கறது... இருங்க, லாக் புக் பார்த்துச் சொல்றேன்.”

லாக் புக்கில் கிரீஸ் கறையோடு தெலுங்கு எழுத்தில் பாதி இருக்கும். எனக்கு அது படிக்கத் தெரியும் என்பது இந்த ஊரில் பிறந்ததன் லாபம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பையன்கள் வந்த பிறகு அதில் இந்தியும் சேர்ந்துகொண்டது. அதற்கு எங்கள் உதவிப் பெண் பொறுப்பு.

எல்லையில் இருக்கும் கம்பெனிக்கென்று தனியாகச் சில ஜர்னல்கள் உண்டு. மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் கணக்கருக்கு அவை இந்த அளவுக்குப் பாரமாக இருக்காது. எங்களுக்கு ஓசூர் வாடிக்கையாளர் பக்கம்; பொம்மசந்திரா, ஜிகனி பட்டறைகளும் வெகு தூரமில்லை. ஆனால் நடுவில் மாநிலம் மாறுகிறது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் இங்கே 33, அங்கே 29.

2017-க்கு முன்னால் அந்தக் கோடு பணமாகவே கணக்கில் தெரிந்தது. பெங்களூரில் கம்பி வாங்கினால் சி படிவம் கொடுத்து 2 சதவீத மத்திய விற்பனை வரி. அதற்கு வரவு எடுக்க முடியாது; சரக்கின் விலையோடு சேர்ந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் வாட் வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதனால் பெங்களூர்க்காரர் விலை குறைத்துச் சொன்னாலும் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் போகும். ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் லாரி நின்ற நேரத்தை யாரும் ரூபாயாக எழுதவில்லை, ஆனால் அதுவும் செலவுதான். கலால் வரிக்கு ஆர்ஜி 23 பதிவேடுகள் தனியாக ஓடின. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போயின, சி படிவமும் எங்கள் மேஜையை விட்டுப் போனது. அந்தப் பக்கம் கட்டும் ஐஜிஎஸ்டி முழுவதற்கும் வரவு கிடைக்கிறது. கோடு விலையிலிருந்து நீங்கி, ஜர்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

எப்படியென்றால், வாங்குவது பெரும்பாலும் கர்நாடகத்தில், விற்பது ஓசூரில். உள்ளே வரும் வரி ஐஜிஎஸ்டியாக வருகிறது. வெளியே போகும் வரி சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதியாகப் போகிறது. மாதம் முடிந்ததும் இரண்டையும் நேர்செய்து ஒரு ஜர்னல் போட வேண்டும். ஐஜிஎஸ்டி வரவை முதலில் ஐஜிஎஸ்டிக்கே கழிக்க வேண்டும். மிச்சத்தை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டில் எதற்கு எவ்வளவு என்று நாமே பிரிக்கலாம். சிஜிஎஸ்டி வரவை எஸ்ஜிஎஸ்டிக்கோ எஸ்ஜிஎஸ்டி வரவை சிஜிஎஸ்டிக்கோ கழிக்க முடியாது. சூட்சுமம் அந்தப் பிரிப்பில்தான். ஒரு மாதம் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 3,00,000 கட்ட வேண்டும். கையில் ஐஜிஎஸ்டி வரவு 4,00,000, மற்ற இரண்டிலும் தலா 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்காமல் ஐஜிஎஸ்டியில் மூன்று லட்சத்தை சிஜிஎஸ்டியில் கழித்து முடித்துவிட்டால் எஸ்ஜிஎஸ்டிக்கு ஒரு லட்சம்தான் மிஞ்சும். அந்தப் பக்கம் 60,000-ஐயும் கழித்தபின் 1,40,000 ரொக்கமாகக் கட்ட வேண்டும். சிஜிஎஸ்டியின் சொந்த வரவு 60,000 சும்மா கிடக்கும். இரண்டு பக்கமும் தலா இரண்டு லட்சமாகப் பிரித்தால் ரொக்கம் தலா 40,000, மொத்தமே 80,000. அந்த 60,000 யாருக்கும் நஷ்டமில்லை, அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். 20-ஆம் தேதி ரிட்டர்ன், 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 7-ஆம் தேதி டிடிஎஸ் என்று பணம் வரிசையாக வெளியேறும் மாதத்தில், ஒரு சிறு கம்பெனிக்கு அறுபதாயிரம் யாரோ ஒருவருடைய பாக்கி. போர்ட்டல் தானே ஒரு பிரிப்பைக் காட்டுகிறது. அதை நாம் மாற்றவும் முடியும். பார்த்து மாற்றுவது கணக்கர் வேலை.

ஜாப் ஒர்க் இன்னொரு தலைவலி. கடைந்த பாகத்தை ஹீட் டிரீட்மென்டுக்கு பொம்மசந்திரா அனுப்புகிறோம். விற்பனை இல்லை, ஆகவே இன்வாய்ஸ் இல்லை. டெலிவரி சலான் மட்டும். பழைய ஆட்கள் இன்னும் அதை ‘57எஃப்4’ என்றே சொல்கிறார்கள். பழைய கலால் விதியின் எண் அது. விதி போய் வெகுகாலம் ஆகியும் பெயர் போகவில்லை. வேறு மாநிலத்துப் பட்டறைக்குப் போகும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாகச் சட்டம் கொள்ளும். வரியும் வட்டியும் வரும். கலால் காலத்தில் இந்தக் கெடு 180 நாள்தான். மாதக் கடைசியில் திரும்பாத சலான்களைப் பட்டியல் எடுத்தால் எப்போதும் ஒரு வால் தொங்கும்: 500 போய் 488 வந்திருக்கும். 12 எங்கே என்று கேட்டால் பட்டறைக்காரர் கன்னடத்தில் ஒன்று சொல்வார், நம் ஸ்டோர்காரர் தமிழில் வேறொன்று சொல்வார். வளைந்து போயிருந்தால் அது ஜாப் ஒர்க் நஷ்டம், நஷ்டக் கணக்கு பற்று. அங்கேயே கிடந்தால் அது நம் சரக்கிருப்பு. இரண்டும் இல்லை, எண்ணிய ஆள் தப்பாக எண்ணியிருந்தால் பதிவே வேண்டாம். பட்டறைக்குப் போய் ரேக்கைப் பார்த்துவிட்டு வந்துதான் சில மாதங்களில் எஃப் 7 தட்டியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் தொழிலின் மிக முக்கியமான ஜர்னல் வாடிக்கையாளரிடமிருந்து வராத டெபிட் நோட்டுக்குப் போடுவது. நாம் அனுப்பிய பாகம் அவர்கள் அசெம்ப்ளி லைனில் ஏறும்போது அளவு தவறினால் ‘லைன் ரிஜெக்‌ஷன்’. சிவப்பு டப்பாவில் போட்டு வைப்பார்கள். அதற்கான டெபிட் நோட் மூன்று வாரம் கழித்து, அடுத்த மாத நடுவில் வரும். ஆனால் பாகம் கெட்டது இந்த மாதம்தான். அதை விற்பனை என்று எழுதி லாபம் காட்டியதும் இந்த மாதம்தான். தரக்கட்டுப்பாட்டுப் பையன் வாரம் ஒருமுறை வாடிக்கையாளர் ஆலைக்குப் போய்வருவான். அவனிடம் கேட்பேன். முதலில் சொல்லமாட்டான், ரிஜெக்‌ஷன் அதிகமென்றால் அவன் பெயர்தானே அடிபடும்.

“கொஞ்சம்தான் மேடம்.”

“கொஞ்சம்னா எத்தன, தம்பி? எனக்கு நம்பர் வேணும். நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, எழுதத்தான் போறேன்.”

எழுதுவது சொல்வதைவிடப் பெரிய விஷயம் என்று அவனுக்கும் தெரியும். டீக்கடை வரை நடந்து போய்வந்த பிறகு எண்ணிக்கை வரும். விற்பனைத் திருப்பக் கணக்கு பற்று, எதிர்பார்க்கும் டெபிட் நோட் கணக்கு வரவு.

விலை மாற்றமும் இப்படித்தான். இரும்பு விலை, அலுமினிய விலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப வாகனக் கம்பெனிகள் பாகத்தின் விலையைக் காலாண்டுக்கொருமுறை பின்தேதியிட்டு மாற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம். ஏப்ரலில் அனுப்பிய சரக்குக்கு ஜூலையில் விலை தெரியும். ஏறும் என்றால் முதலாளி முன்கூட்டியே வருமானமாக எழுதச் சொல்வார். இறங்கும் என்றால் “வரட்டும் பார்க்கலாம்” என்பார். நான் இறக்கத்தை உடனே எழுதுவேன், ஏற்றத்துக்குக் கையெழுத்தான கடிதம் வரும்வரை எழுதமாட்டேன். கணக்கியலில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. எனக்கு இது சந்தையில் தக்காளி விற்கும் எங்கள் அப்பாவிடம் பார்த்த பழக்கம்: விலை இறங்கும் என்று காதில் விழுந்தாலே அன்றைய செலவைச் சுருக்கிவிடுவார், ஏறும் என்று எவ்வளவு பேர் சொன்னாலும் காசு மடியில் விழுகிறவரை நம்பமாட்டார்.

சம்பளப் பதிவு பெரிய ஜர்னல்தான், ஆனால் அதில் புதிர் குறைவு. மொத்தச் சம்பளம் பற்று; பிஎஃப், இஎஸ்ஐ, தொழில் வரி, உகாதிக்கு வாங்கிய அட்வான்ஸ், கையில் தரவேண்டியது எல்லாம் வரவு. போனஸை மட்டும் தீபாவளி வரும்வரை மறந்திருக்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். குறைந்தபட்சமே 8.33 சதவீதம், வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். மாதாமாதம் ஒதுக்காமல் அக்டோபரில் மொத்தமாக எழுதினால் அந்த மாதம் கம்பெனி திவாலானதுபோலத் தெரியும்.

ஒரு டிசம்பர் 31. ஐந்து மணிக்கு இன்வாய்ஸ் போட்டு வண்டி கிளம்பியது. எங்கள் ஆர்டரில் சரக்கு வாடிக்கையாளர் கேட்டில் இறங்கிய பிறகுதான் விற்பனை. குளிர்காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் வந்து சானமாவு காட்டில் தங்கும். கேழ்வரகு அறுவடைக் காலம் அல்லவா. அன்று கூட்டம் சாலையோரம் நின்றதால் வனத்துறை வண்டிகளை நிறுத்திவிட்டது. சரக்கு இறங்கியது புத்தாண்டுக் காலையில். இன்வாய்ஸ் தேதி டிசம்பர், ஆகவே வரி டிசம்பர் ரிட்டர்னில், விற்பனையோ ஜனவரியில். விற்பனையைத் திருப்பி, சரக்கை வழியிலுள்ள இருப்பாக எழுதினேன். விளக்கக் குறிப்பில் காரணத்தையும் எழுதிவைத்தேன். ஆடிட்டர் வீட்டுப் பயிற்சிப் பையன் அதைப் படித்துவிட்டு, “மேடம், இது நிஜமாவா?” என்று கேட்டான். செய்தித்தாளை எடுத்துக் காட்டினேன்.

இந்த வேலையின் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது 2020 ஏப்ரலில். மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஷெட் பூட்டிக் கிடந்தது. எஃப் 8-இல் விற்பனை ஒன்றுமில்லை, எஃப் 9-இல் வாங்கியது ஒன்றுமில்லை. சீட்டு என்று ஒன்றுமே வராத மாதம். ஆனால் கணக்கு நின்றுவிடவில்லை. சம்பளம் உண்டு. தேய்மானம் உண்டு. கடன் தவணையை மூன்று மாதம் கட்டவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நீட்டியது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. தவணை போகாததால் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்தால் செலவே இல்லாததுபோல் இருக்கும். வட்டிக் கணக்கு பற்று, கொடுபட வேண்டிய வட்டிக் கணக்கு வரவு என்று வீட்டு மேஜையிலிருந்து எழுதினேன். அந்த மாத லாப நஷ்டக் கணக்கு முழுவதும் எஃப் 7. முதலாளிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். வழக்கமாகச் சண்டைக்கு வருகிறவர், அன்று மட்டும் “இதே மாதிரி இன்னும் எத்தன மாசம் தாங்கும்னு போட்டுக் குடும்மா” என்றார். கொடுத்தேன். மே மாதம் ஓசூர் ஆலைகள் மெல்லத் திறந்தபோது எந்தப் பாக்கியை முதலில் கொடுப்பது என்று அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்தார்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் மென்பொருளில் திருத்தத் தடம் கட்டாயம். யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார்கள் என்பது அழியாமல் நிற்கும். அதற்கு முன்னால் பழைய மாதத்துக்குள் புகுந்து ஒரு தொகையைத் தட்டிவிட்டு வருவது பல அலுவலகங்களில் சகஜம். இப்போது திருத்த வேண்டுமென்றால் தலைநிமிர்ந்து இன்றைய தேதியில் இன்னொரு ஜர்னல் போடுவதே மேல். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். “கொஞ்சம் பின்னாடி தேதி போட்டுடும்மா” என்ற பேச்சுக்கு, “சிஸ்டம்ல நிக்கும் சார்” என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது.

இதனாலேயே விளக்கக் குறிப்பு என் கண்ணில் தொகையைவிடப் பெரிதாகிவிட்டது. ‘பீயிங் புரொவிஷன் மேட்’ என்று எல்லாப் பதிவுக்கும் ஒரே வரியை ஒட்டிவைக்கும் பழக்கத்திலிருந்து உதவிப் பெண்ணை விடுவிக்க நாளானது. பில்லுக்கு அந்த வரி போதும், பில்லே பேசும். ஜர்னலுக்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது, டீக்கடை வரை நடந்தது எனக்கே நினைவிருக்காது. போன வாரம் அவள் தானாகப் போட்ட ஒரு பதிவைத் திறந்து பார்த்தேன். விற்பனைத் திருப்பம் பற்று 38,160. கீழே: ‘லைன் ரிஜெக்‌ஷன் 212 எண்ணம், ஒன்று 180 வீதம். 28-ஆம் தேதி வரை கியூசி நோட்டிலிருந்து 190; 29 முதல் 31 வரை போனில் கேட்டது 22. டெபிட் நோட் வரவில்லை. 1-ஆம் தேதி திருப்பிப் போடவும்.’